பேர் சொல்லக் கூடாத புதுப் புருஷன்

காலையில் வருகிற எந்தத் தமிழ் நாளிதழையும் எடுத்துப் பாருங்கள். ஊழியர் விடுதியில் ஒரு பெண் தூக்கில் தொங்கினால் அது 'பிரபல ஜவுளிக்கடை'. கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்று ஆலைப் பெண்கள் மயங்கி விழுந்தால் அது 'தனியார் நிறுவனம்'. பிரசவத்தில் தாய் செத்துப்போனால் 'பிரபல மருத்துவமனை'. அந்தப் பெண்ணுக்கோ வயது உண்டு, ஊர் உண்டு, தெரு உண்டு, தகப்பன் பேர் உண்டு, கல்யாணம் ஆனவளா, ஆகிப் பிரிந்தவளா என்ற விவரமும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு சொன்னது. இப்போதைய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கும் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்து, பேரை மட்டும் விட்டுவிட்டு ஊரையும் பள்ளிக்கூடத்தையும் தகப்பன் தொழிலையும் எழுதிவிடுகிற பேனா, கடையின் பேர் வரவேண்டிய இடத்தில் மட்டும் நின்றுவிடுகிறது. பெண்ணுக்கு முகவரி, கம்பெனிக்கு மானம்.

விளம்பரம் போய்விடும் என்ற கணக்கு இதில் ஒன்று. முதல் பக்கம் முழுக்க ஆடித் தள்ளுபடி கொடுத்தவரை மூன்றாம் பக்கத்தில் எப்படித் திட்டுவது? இது எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடலாம். இன்னொன்று சட்டத்தைப் பற்றிய பயம். அவதூறு வழக்கு என்ற பயம் பழையது. பேரே எங்கள் சொத்து, அதை நீ தொடக் கூடாது என்று சொல்லும் பயம் புதியது. இந்தக் கட்டுரை அந்தப் புதிய பயத்தைப் பற்றியது.

நம் அப்பத்தாக்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டால், "பழனியில ஆண்டியா நிக்கிறாருல்ல, அவரு பேரு" என்பார்கள். இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் பேரனை இடித்துச் சொல்ல வைப்பார்கள். அவன் வேட்டியைத் துவைக்கலாம், அவனுக்குப் பொங்கிப் போடலாம், அவன் அடியை வாங்கலாம், அவன் செத்தால் பொட்டை அழித்துக்கொள்ளலாம். பேரை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது. இப்போது அப்படியொரு புதுப் புருஷன் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறான். அவன் பேர் நம் தலையில் தேய்க்கும் எண்ணெயில் இருக்கிறது, முகத்தில் பூசும் கிரீமில் இருக்கிறது, தீட்டுத் துணிக்குப் பதிலாக வந்த பஞ்சுப் பட்டையில் இருக்கிறது, பிள்ளைக்குக் கரைக்கும் மாவில் இருக்கிறது. கடையில் போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்கலாம். கேட்க வேண்டும் என்றுதான் அவன் கோடி கோடியாகச் செலவு செய்கிறான். ஆனால் "இவன் எனக்கு இன்ன தீங்கு செய்தான்" என்று அதே பேரை ஒரு துண்டறிக்கையில் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அப்பத்தாவின் புருஷனுக்காவது ஒரு நாள் சாவு வந்தது. பதிவு செய்த பேரை 10 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் இவனுக்குச் சாவே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். வணிகக்குறி, அதாவது கடைக்காரர் முதல் கல்லூரி மாணவி வரை எல்லாரும் டிரேட்மார்க் என்று சொல்வது, ஒருவருடைய சரக்கை இன்னொருவருடைய சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். நம் நாட்டில் இதற்கு 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம் இருக்கிறது. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன் அடிப்படை நியாயம் வாங்குகிறவரின் பக்கம் இருப்பது. ஒரு பேரை நம்பிக் காசு கொடுக்கிற பெண்ணிடம் அதே பேரை ஒட்டிய போலியை விற்று ஏமாற்றக் கூடாது. இதில் யாருக்கும் சண்டையில்லை. சண்டை 29ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் தொடங்குகிறது. இந்தியாவில் புகழ்பெற்ற ஒரு குறியை, வணிகப் போக்கில், தக்க காரணம் இல்லாமல் ஒருவர் பயன்படுத்தி, அது அந்தக் குறியின் தனித்தன்மைக்கோ நற்பெயருக்கோ கேடு செய்தால் அது மீறல். இங்கே வாங்குகிறவர் ஏமாந்தாரா என்ற கேள்வியே இல்லை. பாதுகாக்கப்படுவது பெயரின் மானம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட சட்டத்தை 2006இல் திருத்தியபோது நையாண்டி, விமர்சனம், செய்தி ஆகியவற்றுக்கு விதிவிலக்கை வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 'தக்க காரணம்', 'வணிகப் போக்கு' என்ற சொற்களுக்குள் நுழைந்து நீதிபதி நமக்கு இடம் பண்ணிக் கொடுத்தால் உண்டு.

ஒரு நீதிபதி இடம் கொடுத்தார். ஒடிசாவின் தாம்ரா துறைமுகம் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் அமைப்பு பிரச்சாரம் செய்தது. இணையத்தில் ஒரு விளையாட்டையும் போட்டது. மஞ்சள் ஆமை ஓட, டாட்டாவின் வட்டச் சின்னத்தைப் போட்ட பூதங்கள் அதைத் துரத்தும். டாட்டா சன்ஸ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அவதூறு என்றும் வணிகக்குறி மீறல் என்றும் சொல்லி 10 கோடி ரூபாய் கேட்டது. விளையாட்டுக்கு இடைக்காலத் தடை போடு என்றது. 2011 ஜனவரி 28 அன்று நீதிபதி ரவீந்திர பட் தடை கொடுக்க மறுத்தார். ஒரு குறியை விமர்சனத்துக்கும் நையாண்டிக்கும் எடுத்தாள்வது, அதை ஒட்டிச் சரக்கு விற்பதைப் போன்றதல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்கு 6 ஆண்டு முன்பே தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம், ஒரு பீர் கம்பெனியின் லேபிளைக் கறுப்பர் உழைப்பையும் வெள்ளையர் குற்றவுணர்வையும் பற்றிய கிண்டலாக மாற்றிச் சட்டையில் அச்சடித்த சின்ன நிறுவனத்தின் பக்கம் நின்றிருந்தது. நட்டம் வரும் என்று கம்பெனி ஊகித்தால் போதாது, காட்ட வேண்டும் என்றது.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் இரண்டிலும் வழக்கு நடத்தத் திராணி உள்ளவர் எதிரில் நின்றார். கிரீன்பீஸுக்கு உலகம் முழுக்க வக்கீல் உண்டு. நம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியது. நல்லாண்டார்கொல்லையிலும் வடகாட்டிலும் பரவியது. கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்த பெண்கள், வயல்வேலை முடிந்து மாலையில் வந்து சேர்ந்த பெண்கள், பள்ளிச் சீருடையில் பதாகை பிடித்த சிறுமிகள். அவர்களில் ஒருத்தி ஒரு எண்ணெய்க் கம்பெனியின் சின்னத்தை மண்டையோடாக வரைந்து தட்டியில் ஒட்டியிருந்தால்? டெல்லித் தீர்ப்பின்படி அவள் செய்தது குற்றமல்ல. அது டெல்லியில் வந்த தீர்ப்பு என்பதையும் அப்படி ஒன்று இருப்பதையும் அவளுக்கு யார் சொல்வது? போதாததற்கு, பதிவுபெற்ற குறியின் சொந்தக்காரர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது 134ஆம் பிரிவு. 2015இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது உண்மை. ஆனாலும் கறம்பக்குடியில் இருக்கிற ஒருத்திக்கு மும்பையிலிருந்து வரும் ஒரு ஆங்கிலக் கடிதமே போதும், தட்டியைக் கழற்றிவிட. பல சமயம் வழக்கே தேவையில்லை. வழக்கு வரும் என்ற நினைப்பே வேலையை முடித்துவிடும்.

நெடுவாசல் பெண்கள் கழற்றவில்லை, எழுந்துபோகவும் இல்லை. 2020இல் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியபோது அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. கூட்டமாக உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தைரியம் இருந்தது. தனியாக எழுதுகிறவளுக்கு?

எழுதுவதைப் பற்றிப் பேச நம் ஊருக்குக் கொஞ்சம் அதிகப்படியான உரிமை உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயலில் நின்ற பெண்களும் ராத்திரி விளக்கில் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் கற்றார்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள். இதையெல்லாம் சாய்நாத் எழுதி உலகத்துக்கே தெரியும். பஸ் பலகையைப் படித்தோம், கூலிச் சீட்டைப் படித்தோம் என்று பெருமையாகச் சொல்கிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் படித்தவற்றில் பாதி வணிகக்குறிகள்தான்: தீப்பெட்டி, சோப்பு, டீத்தூள், பிஸ்கட். ஒரு பெண்ணை எழுத்தறிவுள்ளவளாக்கிவிட்டு, இந்தப் பேரை நீ படிக்கலாம், எழுதக் கூடாது என்று சொன்னால் அவளை வெறும் வாடிக்கையாளராக மட்டுமே படிக்க வைத்ததாக ஆகும்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு வாசிப்புக் குழு நடத்துகிறோம். ஒரு கோடையில், வயிற்றுப்போக்கு அதிகமாக இருந்த சமயம், ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து அம்மாக்கள் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு போகும் இனிப்புப் பானங்களைப் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதினோம். எது உண்மையான ஓ.ஆர்.எஸ்., எது இல்லை, பாக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்ற விவரம். கீழே, வாங்கக் கூடாத பானங்களின் பேர்கள். கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில் கொடுத்தோம். படித்துப் பார்த்த தம்பி நிமிர்ந்தார்.

"அக்கா, பேரை மட்டும் எடுத்துருங்க."

"பேரை எடுத்தா அப்புறம் என்ன தம்பி இருக்கு இதுல?"

"'சில பானங்கள்'னு போட்டுருவோம்க்கா. எல்லாம் ரிஜிஸ்டர் பண்ணுன பேரு. அடியில நம்ம பிரஸ் பேரு வருது. நாளைக்கு எவனாச்சும் கோர்ட்டுக்கு இழுத்தா எங்க பொழப்பு போயிரும்."

அந்த அச்சகத்தின் பேரை நான் எழுத மாட்டேன். பயம் அந்தத் தம்பியிடம் பிறந்ததல்ல. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு பாக்கெட்டைப் பார்க்கிற ஒருத்திக்கு 'சில பானங்கள்' என்ற சொல்லால் ஒரு பிரயோசனமும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் பேர் வரவேண்டிய இடத்தில் புள்ளிக் கோடு மட்டும் போட்டு அச்சடித்துக் கொடுத்தார். 300 தாள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பால்பாயிண்ட் பேனாவால் அந்தக் கோடுகளை நிரப்பினோம். அறிவொளியில் எழுத்துக் கற்ற பெரியம்மா ஒருவரும் எங்களோடு எழுதினார். அவருக்கு ஆங்கிலப் பேரைத் தமிழில் எழுதுவதில் சந்தேகம் வந்தபோதெல்லாம் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து ஓசையெழுப்பிப் பார்த்து எழுதினார்.

ஓ.ஆர்.எஸ். கதையில் சட்டத்தின் இரட்டை முகம் அப்பட்டமாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவால் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் கரைத்துக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, இன்னும் இரண்டு உப்புகள். அவ்வளவுதான். யாருக்கும் சொந்தமில்லாத அந்த மூன்று எழுத்தைத் தங்கள் பேருக்குள் செருகிக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பானங்களைக் கம்பெனிகள் விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துத் தனியாளாகப் பேசினார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரைப் போடக் கூடாது என்றது. மூன்றே மாதத்தில், பேரின் பகுதியாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம், 'இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று இறங்கி வந்தது. 2025 அக்டோபர் 14 அன்றுதான், முன்னொட்டோ பின்னொட்டோ எதுவாக இருந்தாலும் எந்த உணவுப் பொருளின் பேரிலும் அந்த எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனிகள் உடனே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின.

மூன்று ஆண்டுக்கு மேல் ஒரு பொய் பேராக நின்றது. அது 'வணிகக்குறி' என்பதால் நின்றது. அந்தப் பொய்யைப் பொய் என்று அச்சடிக்க ஒரு சிற்றூர் அச்சகம் பயந்ததும் அது வணிகக்குறி என்பதால்தான். வாங்குகிறவளை ஏமாற்றத்திலிருந்து காக்கப் பிறந்த சட்டம், ஏமாற்றுகிறவனின் கையில் கேடயமாக இருந்திருக்கிறது.

கம்பெனிகள் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும்போது இந்தக் கூச்சம் எதுவும் இருப்பதில்லை. ஹார்லிக்ஸ் விளம்பரத்தில் காம்ப்ளானும் காம்ப்ளான் விளம்பரத்தில் ஹார்லிக்ஸும் வந்து அடித்துக்கொண்டதை டிவியில் பார்த்தோம். உன் பிள்ளை ஏன் உயரவில்லை என்று அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய விளம்பரங்கள் அவை. நேர்மையான வணிக நடைமுறைக்கு உட்பட்டு ஒப்பிட்டு விளம்பரம் செய்யலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. 1995இல் டாட்டா பிரஸ் வழக்கில், விளம்பரமும் 19(1)(அ) பிரிவின் கீழ் வரும் கருத்துச் சுதந்திரம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரக்கு விற்பவனின் பேச்சு பேச்சுரிமை. சரக்கைப் பூசிப் பார்த்தவளின் பேச்சு? தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயைப் பரிசோதித்து, பிடிக்கவில்லை என்று ஒரு இளைஞர் யூடியூபில் சொன்னதற்கு மாரிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. 2020 ஜனவரியில் வீடியோவை நீக்கச் சொல்லி மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. மேல்முறையீட்டில்தான் சில மாற்றங்களோடு வெளியிட வழி பிறந்தது. அதே 2020இல், 1975 முதல் நம் கறுப்பைக் காட்டிப் பயமுறுத்திக் காசு பார்த்த 'ஃபேர் அண்ட் லவ்லி' பேரை மாற்றிக்கொண்டது. புதுப் பேரின் ஆண்பால், 'க்ளோ அண்ட் ஹேண்ட்சம்', யாருக்குச் சொந்தம் என்று ஹிந்துஸ்தான் யூனிலீவரும் இமாமியும் கோர்ட்டில் நின்றன. வாரக்கணக்கில் விசாரணை நடந்தது. அந்தப் பேரால் 45 ஆண்டுகள் கண்ணாடியை வெறுத்த பெண்களுக்கு எந்தக் கோர்ட்டிலும் கூண்டு இல்லை.

பேரைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு வருவோம். நம் மாவட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் திண்டுக்கல், திருப்பூர் பக்கம் நூற்பாலைக்கும் தையல் ஆலைக்கும் போனவர்கள். அவர்கள் தைப்பது சட்டையை மட்டுமல்ல. காலர் உள்ளே லேபிளையும் அவர்கள்தான் தைக்கிறார்கள். உலகத்தின் விலையுயர்ந்த வணிகக்குறிகள் நம் பெண்களின் விரல் பட்டுத்தான் சட்டையில் ஏறுகின்றன. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 'ஒரு தனியார் ஆலை' என்று நிறுத்திக்கொள்ளவில்லை. ஆலையின் பேரைச் சொன்னது, அதை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் பேரைச் சொன்னது, சட்டையை வாங்கும் எச் அண்ட் எம்மின் பேரைச் சொன்னது. லேபிளைப் பிடித்து ஸ்வீடன் வரைக்கும் போனது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பாலியல் தொல்லையைத் தடுக்க, தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாக இருக்க, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். சோஃபியா அஷ்ரஃப் 2015இல் கொடைக்கானல் பாதரசத்தைப் பற்றி ராப் பாடியபோதும் அப்படித்தான். பாட்டில் யூனிலீவர் என்ற பேர் இருந்தது. தெர்மாமீட்டர் ஆலை மூடி 15 ஆண்டு கழித்து, 2016 மார்ச்சில், 591 பழைய தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. 'ஒரு பன்னாட்டு நிறுவனம்' என்று பாடியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

பேர் சொல்ல விடாமல் அடித்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெங்களூரு இருக்கிறது. ஜீன்ஸ் தைக்கும் ஃபைபர்ஸ் அண்ட் ஃபேப்ரிக்ஸ் இன்டர்நேஷனல் ஆலையில் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி உள்ளூர்ச் சங்கங்கள் வெளியே பேசினார்கள். ஆடைத் தொழிலாளர் பெண்கள் அமைப்பான 'முன்னடெ'யும் அவர்களில் ஒன்று. 2006 ஜூலையில் உள்ளூர் நீதிமன்றம் வாய்ப்பூட்டு உத்தரவு போட்டது. வெளிநாட்டு அமைப்புகளுக்கு எதையும் சொல்லக் கூடாது என்றார்கள். 2008 தொடக்கத்தில் சமரசம் வரும்வரை அந்தப் பெண்களின் வாய் கட்டப்பட்டிருந்தது. அங்கே கையில் எடுத்தது அவதூறுச் சட்டம். சட்டத்தின் பேர் மாறலாம். கட்டப்படுவது அதே வாய்தான்.

நம் வாயைக் கட்டுகிறவர்கள் நம் சொற்களை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்கிறார்கள். 'மீ டூ' என்று உலகப் பெண்கள் தங்கள் காயத்தை வெளியே எடுத்துப்போட்ட அதே 2017 அக்டோபரில், ஹார்ட் கேண்டி என்ற அமெரிக்க அழகுசாதன நிறுவனம் அதை வாசனைத் திரவியத்துக்கும் ஒப்பனைப் பொருளுக்கும் வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்தது. எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. 2025 மே 7 அன்று 'ஆபரேஷன் சிந்தூர்' அறிவிக்கப்பட்ட அன்றைக்கே அந்தப் பேரைக் கேட்டுப் பதிவகத்துக்கு விண்ணப்பங்கள் போயின. ரிலையன்ஸும் அதில் ஒன்று. மறுநாள், ஓர் இளநிலை ஊழியர் தவறுதலாகப் போட்டுவிட்டார் என்று திரும்பப் பெற்றது. பஹல்காமில் கணவரைப் பறிகொடுத்த பெண்களின் நெற்றிக் குங்குமத்தை அரசு ராணுவ நடவடிக்கைக்குப் பேராக எடுத்தது சரியா என்பதே நமக்குள் ஒரு சண்டை. அந்தச் சண்டைக்கு நேரம் கூடக் கொடுக்காமல் அது கேளிக்கை வகைப்பாட்டில் ஒரு விண்ணப்ப எண்ணாகிவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில், பெண்ணுறுப்பிலிருந்து பிறந்த ஓர் இந்தி வசைச்சொல்லைக் கொண்ட தின்பண்டப் பேரைப் பதிவகம் ஏற்று இதழில் வெளியிட்டுவிட்டுப் பிறகு பிழை என்று திரும்பப் பெற்றது. ஆனால் சான்பிரான்சிஸ்கோவில் பெருமிதப் பேரணிக்கு முன்னே மோட்டார் சைக்கிளில் போகும் லெஸ்பியன் பெண்கள், தங்களைத் திட்டிய சொல்லையே தங்கள் பேராக்கி 'டைக்ஸ் ஆன் பைக்ஸ்' என்று பதியக் கேட்டபோது, உங்களை இழிவுபடுத்தும் சொல் என்று அவர்களுக்கே பாடம் எடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் வாதாடித்தான் வாங்கினார்கள். எது எங்களை இழிவுபடுத்துகிறது என்று எங்களைவிட அதிகாரிக்குத் தெரியும்.

அப்படியானால் வணிகக்குறியே வேண்டாமா என்று கேட்கலாம். மகளிர் குழுவில் ஊறுகாய் போடுகிற, சிறுதானிய மாவு அரைக்கிற பெண்ணுக்குத் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? வேண்டும். அவள் நாலு ஊர்ச் சந்தைக்குப் போய்ச் சம்பாதித்த பேரைப் பெரிய கம்பெனி ஒன்று திருடினால் இந்தச் சட்டம்தான் அவளுக்குத் துணை. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகைப்பாட்டுக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ஊறுகாய் ஒரு வகைப்பாடு, மசாலாப் பொடி இன்னொன்று என்று போனால் அவளுக்கு அதுவே பெருந்தொகை. ஆனால் அவளுக்கு வேண்டியது போலியிடமிருந்து பாதுகாப்பு. அவள் ஊறுகாயில் உப்பு அதிகம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வதைத் தடுக்கும் அதிகாரத்தை அவள் கேட்கவில்லை. பெரிய கம்பெனி கேட்பது அதைத்தான். அவளைக் காட்டி அவன் வாங்கிக்கொள்கிற சலுகை அது.

ஆகவே கேட்க வேண்டியது நேரடியானது. 30ஆம் பிரிவில், விமர்சனம், நையாண்டி, செய்தி, தொழிலாளர் போராட்டம், நுகர்வோர் எச்சரிக்கை ஆகியவற்றில் ஒரு குறியைப் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்று ஒரு உட்பிரிவு எழுதப்பட வேண்டும். 'தக்க காரணம்' என்ற இரண்டு சொல்லுக்குள் நீதிபதியின் நல்ல மனசைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பொதுச் சுகாதாரச் சொற்களைப் பேருக்குள் செருகப் பதிவகமே ஆரம்பத்தில் மறுக்க வேண்டும். ஒரு மருத்துவர் எட்டு ஆண்டு தொண்டை கிழியப் பேசும்வரை காத்திருக்கக் கூடாது. பத்திரிகைகள் 'பிரபல' என்ற சொல்லை விட்டொழிக்க வேண்டும்.

அதுவரை, எழுதுகிற பெண்களுக்கு இரண்டு தகவல். இதே சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பற்றி நம்மிடம் யாரும் பேசுவதில்லை. வணிகக்குறி மீறல் என்று சொல்லி ஆதாரமில்லாமல் ஒருவர் மிரட்டினால், மிரட்டப்பட்டவரே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அந்த மிரட்டல் நியாயமற்றது என்று அறிவிக்கவும், அதை நிறுத்தவும், நட்டஈடு தரவும் கேட்கலாம். கம்பெனி உடனே மீறல் வழக்குப் போட்டு நடத்தினால் இந்த வழி அடைபடும்; வெறும் கடிதம் அனுப்பிப் பயமுறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது நல்ல பதில். இரண்டாவது, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி எந்தப் பெண்ணுக்கும், அவள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். நோட்டீஸை உறையோடு பத்திரமாக வையுங்கள், வந்த தேதியை எழுதி வையுங்கள், வக்கீலைப் பார்க்காமல் மன்னிப்புக் கடிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 7 நாள், 15 நாள் என்று அதில் ஒரு கெடு இருக்கும். அது அவர்கள் போட்ட கெடு, நீதிமன்றம் போட்டதல்ல.